அழைத்தார்கள், கேட்கவில்லை

பதினெட்டு வயதில் கையில் எம்16 துப்பாக்கியைக் கொடுத்துக் குறி பார்த்துச் சுடச் சொன்ன அரசாங்கம், அதே பிள்ளையின் கையில் வாக்குச்சீட்டைக் கொடுக்க இன்னும் மூன்று ஆண்டு ஆகும் என்றது. 2004 முதல் தேசியச் சேவைப் பயிற்சித் திட்டத்துக்கு, நம் வீட்டுப் பேச்சில் பிஎல்கேஎன்னுக்கு, போய் வந்த லட்சக்கணக்கான மலேசியப் பிள்ளைகளின் கதை இதுதான். முகாமுக்கு அழைக்கும் வயது 18. வாக்களிக்கும் வயது அன்று 21. தங்களைக் கட்டாயமாக அழைத்த சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல, அழைக்கப்பட்டபோது அவர்களுக்கு எந்தத் தேர்தலிலும் இடம் இருக்கவில்லை.

இப்போது மறுபடியும் அழைப்பு. 2023 அக்டோபரில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் ஹசான் பிஎல்கேஎன் 3.0 வருகிறது என்று அறிவித்தார். முன்பு மூன்று மாதம், இனி 45 நாள். அதில் 70 விழுக்காடு அடிப்படை ராணுவப் பயிற்சி, மிச்சம் நாட்டுணர்வுப் பாடம். அவருக்குப் பின் வந்த முகமட் காலிட் நோர்டின் பொறுப்பில், 2025 ஜனவரி 12-ஆம் தேதி கோலாலம்பூரில் உள்ள 515-ஆவது அஸ்கார் வத்தானியா ரெஜிமென்ட் முகாமில் முன்னோட்டப் பயிற்சி தொடங்கி, பிப்ரவரி 25-இல் முடிந்தது. தலைநகரில், நம் மூக்குக்கு நேரே நடந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அதைப் பற்றி எழுந்த பேச்சு, அந்த வாரத்துத் தங்க விலைப் பேச்சில் பாதிகூட இல்லை.

பேச வேண்டிய காரணம் இருக்கிறது. இடையில் நாட்டில் ஒன்று மாறிவிட்டது. 2019 ஜூலை 16-ஆம் தேதி மக்களவையில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் சேர்ந்து அரசியலமைப்பைத் திருத்தி வாக்களிக்கும் வயதை 18 ஆக்கின. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. ஆகவே 3.0 அழைக்கும் பிள்ளைகளில் பலர் வாக்காளர்கள். முகாமுக்குக் கூப்பிடும் கையோடு, வாக்குக் கேட்டும் கூப்பிட வேண்டிய தலைமுறை இது.

முதல் முறை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 2003-இல் சட்டம் 628 நிறைவேறியது. நஜிப் துன் ரசாக் அப்போது தற்காப்பு அமைச்சர், திட்டத்தின் முகமும் அவர்தான். 2004 பிப்ரவரியில் முதல் அணி முகாமுக்குப் போனது. அந்த ஆண்டு பதினெட்டை எட்டிய எல்லாரையும் எடுக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. கணினி குலுக்கிப் போட்டு, சுமார் 85,000 பேரை எடுத்தது. எஸ்பிஎம் எழுதிவிட்டு மூச்சு விட்ட பிள்ளை, அடையாள அட்டை எண்ணை எஸ்எம்எஸ்ஸில் தட்டி அனுப்பிப் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கும். அண்ணனுக்கு வரும், தம்பிக்கு வராது. பக்கத்து வீட்டு மூவருக்கும் வரும், நம் வீட்டில் ஒருவருக்கும் வராது. ஒரு வீட்டில் அதைக் கண்டம் என்றார்கள், இன்னொரு வீட்டில் அதிர்ஷ்டம் என்றார்கள்.

வராமல் போனால் 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெறும் மிரட்டல் இல்லை அது. 2005-இல் கோலாலம்பூரில் ஓர் ஏழை இளைஞருக்கு நீதிமன்றம் 600 ரிங்கிட் அபராதம் விதித்தது. கட்டப் பணமில்லாமல் அவர் 14 நாள் சிறைக்குப் போனார். நாட்டுக்குச் சேவை செய்ய வரவில்லை என்பதற்காக, நாளைக்கு வேலை தேட வேண்டிய ஒரு பையன்மேல் குற்றவாளி என்ற முத்திரை விழுந்ததை அன்று இன பேதமில்லாமல் பலர் கண்டித்தார்கள்.

முகாமுக்குப் போன பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது வேறு. நீல நிற வரிப்புலி உடுப்பு. ஆணுக்கு விரா, பெண்ணுக்கு விராவாத்தி என்று பெயர். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று பிரித்த கம்பெனிகள். விடியுமுன் எழுப்பிவிடும் விசில், வெயிலில் காவாட் அணிவகுப்பு, மாதம் 150 ரிங்கிட் கைச்செலவு. உடல் பயிற்சி, நாட்டுணர்வு, குணநலன், சமூகப் பணி என்று நான்கு கட்டங்கள். கிள்ளானின் தாமான் வீடுகளில் அம்மாக்கள் பையை அடுக்கும்போது காலுறைகளுக்கு நடுவே விபூதிப் பொட்டலத்தையும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் செருகி வைத்தார்கள். மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்திலேயே பிள்ளைக்கும் போட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கவலை இரட்டிப்பு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி எஸ்எம்கே முடித்த பல பிள்ளைகளுக்கு, கிளந்தான் மலாய்ப் பையனோடும் ஈப்போ சீனப் பையனோடும் ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த நட்புகளில் சில இன்றும் தீபாவளித் திறந்த இல்லத்தில் வந்து முறுக்கு கடிக்கின்றன. அது பொய்யில்லை.

முதல் ஆண்டிலேயே சில முகாம்களில் கைகலப்பு நடந்ததும் பொய்யில்லை. பள்ளி முழுக்கத் தனித்தனியாக வளர்த்துவிட்டு, 18-ஆம் வயதில் மூன்று மாதம் ஒன்றாகப் படுக்க வைத்தால் ஒற்றுமை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு அன்றும் அவ்வளவு பிடிப்பில்லை. இனப் பிரச்சினையை உண்டாக்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகளா என்ன?

எதையும்விடப் பெற்றோரை உலுக்கியவை மரணங்கள். திட்டம் நடந்த ஆண்டுகளில் பயிற்சிக் காலத்தில் இறந்த பிள்ளைகள் இருபது பேருக்கு மேல். காய்ச்சல், தொற்று, விபத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. முகாமுக்கு அனுப்புமுன் முழு மருத்துவச் சோதனை ஏன் இல்லை என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுந்தது. கட்டாயமாகக் கூட்டிப்போன பிள்ளை என்பதால் அந்தக் கேள்வியின் எடை வேறு. தானாக விரும்பிப் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு ஏதாவது நேர்ந்தால் அழுகிற வீடு, அரசாங்கம் கடிதம் போட்டு அழைத்த பிள்ளைக்கு நேர்ந்தால் அழுகையோடு கணக்கும் கேட்கும்.

திட்டம் நின்றதும் தொடர்ந்ததும் எப்படி என்று பாருங்கள். 2015 ஜனவரி 20-இல் எண்ணெய் விலை விழுந்து பட்ஜெட்டைத் திருத்தியபோது, 40 கோடி ரிங்கிட் மிச்சம் பிடிக்க அந்த ஆண்டு நிறுத்தி வைப்பதாக, அதைக் கொண்டுவந்த அதே நஜிப், பிரதமராக அறிவித்தார். 2016-இல் சுருங்கிய வடிவில் 2.0 என்று திரும்பி வந்தது. 2018-இல் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் சைட் சாடிக், பிஎல்கேஎன்னும் பிடிஎன் எனப்பட்ட குடியியல் பிரிவும் இனி இல்லை என்றார். 2023-இல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். கொண்டுவந்தது, நிறுத்தியது, திரும்பக் கொண்டுவந்தது, ஒழித்தது, மறுபடி தொடங்கியது என ஐந்து முடிவுகள். ஐந்தும் புத்ராஜெயாவில் எடுக்கப்பட்டவை. நாட்டின் பாதுகாப்புக்கு உயிர்நாடி என்று 2003-இல் சொன்னது, எண்ணெய் பீப்பாய் விலை இறங்கியதும் மிச்சம் பிடிக்கும் செலவாகிவிட்டது என்றால், அது பாதுகாப்பா செலவா என்று சந்தேகம் வருமா வராதா?

சட்டத்தை மக்களவை நிறைவேற்றியது, மக்களவையைத் தேர்ந்தெடுத்தது மக்கள், அப்புறம் என்ன என்று கேட்கலாம். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவே அதற்கு இடம் தருகிறது. எல்லா வகைக் கட்டாய வேலையையும் தடை செய்யும் அந்தப் பிரிவு, தேசிய நோக்கத்துக்கான கட்டாயச் சேவைக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தத் தடைக்கும் அந்த வாசலுக்கும் நடுவே நம்மவர்களின் ஒரு பழைய கணக்கு கிடக்கிறது.

கிள்ளானுக்கு வந்த பட்டாளம்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன் அவர்களுக்குக் குரல் கொடுத்தார். மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். பிரிட்டிஷ் அரசு பட்டாளத்தை இறக்கியது. ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். கிள்ளான் தமிழர் பட்டாளத்தை மிக அருகில் பார்த்தது அப்படித்தான்.

அடுத்த ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சி. சயாம் – பர்மா ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் பிடித்துப் போனார்கள். படம் காட்டுகிறோம் வா, சம்பளம் தருகிறோம் வா என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றிய கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டில் காலராவுக்கும் பசிக்கும் பலியானார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தச் சோகத்தைத்தான் எழுதியது. கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டதும் கேரித்தீவிலோ காப்பாரிலோ ஒரு பாட்டியின் முகம் மாறினால் அதற்கு வரலாறு இருக்கிறது.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து பேச, தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 18 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். படைத் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவர் பெயர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தொடக்கத்திலும் வரும். யாரும் அவருக்குக் கடிதம் போட்டு அழைக்கவில்லை. அதற்காக அந்தப் படையில் சேர்ந்த எல்லாரையும் முழு விருப்பத்தோடு போனவர்கள் என்று எழுதிவிட முடியாது. சயாம் லாரியிலிருந்து தப்பிக்கப் படையில் சேர்ந்தவர்களும் ஏராளம்.

மூன்றே ஆண்டுகளில் சுட்ட பட்டாளம், பிடித்துப் போன பட்டாளம், தாங்களே போய்ச் சேர்ந்த பட்டாளம் என மூன்றையும் பார்த்த சமூகம் நாம். அதன்பிறகு அவசரகாலத்தில் 1952-ஆம் ஆண்டுத் தேசியச் சேவைச் சட்டம் வந்தது. 1964-இல் இந்தோனேசிய மோதலின்போது இளைஞர்களைப் பதிவு செய்தார்கள். இரண்டும் போர்க்காலத்து முடிவுகள்.

கேட்ட நாடுகள்

கட்டாயப் பட்டாளம் வேண்டுமா என்று மக்களிடமே நேராகக் கேட்ட நாடுகள் சில உண்டு. பதில்கள் வியப்பானவை. முதல் உலகப்போர் நடுவே ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ், கட்டாயமாக ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று 1916 அக்டோபரில் மக்களைக் கேட்டார். 51.6 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். விடாமல் 1917 டிசம்பரில் மறுபடி கேட்டார். வேண்டாம் 53.8 ஆக ஏறியது. போர் உச்சத்தில் இருந்தபோதும் மக்கள் மறுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆஸ்திரியா 2013 ஜனவரி 20-இல் கேட்டது. ஆறு மாதக் கட்டாய ராணுவத்தை விட்டுச் சம்பளப் பட்டாளத்துக்கு மாறலாமா? 59.7 விழுக்காட்டினர் கட்டாயமே இருக்கட்டும் என்றார்கள். காரணத்தைத் தோண்டினால் துப்பாக்கி இல்லை, ஆம்புலன்ஸ் வருகிறது. அங்கே ராணுவத்துக்குப் போக விரும்பாத இளைஞன் அதற்குப் பதில் ஒன்பது மாதம் சமூகப் பணி செய்ய வேண்டும். செஞ்சிலுவை ஆம்புலன்ஸையும் முதியோர் இல்லங்களையும் அந்தப் பையன்களை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டாயம் போனால் ஆம்புலன்ஸில் யார் ஏறுவது என்ற பயம் பெரியவர்களுக்கு. அவர்கள் அள்ளிப் போட்டார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பெரும்பான்மையினர் மாறலாம் என்றே வாக்களித்தார்கள். போகிறவன் வேண்டாம் என்றான், அனுப்புகிறவர் வேண்டும் என்றார். அனுப்புகிறவர் எண்ணிக்கை அதிகம். சுவிட்சர்லாந்தும் அதே ஆண்டு செப்டம்பரில் கேட்டது. 73 விழுக்காட்டினர் கட்டாயத்தை ஒழிக்க மறுத்தார்கள்.

மலேசியர் கவனமாகப் படிக்க வேண்டியது கனடாவை. 1942 ஏப்ரலில் பிரதமர் மெக்கன்சி கிங், கட்டாயமாக ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று முன்பு கொடுத்த வாக்குறுதியிலிருந்து தன்னை விடுவிக்கும்படி மக்களைக் கேட்டார். நாடு முழுக்கச் சுமார் 64 விழுக்காடு ஆம். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் மட்டும் சுமார் 72 விழுக்காடு இல்லை. ஒரே வாக்கெடுப்பு, ஒரே நாளில், இரண்டு நாடுகளைக் காட்டியது. ஆங்கிலேயரின் போருக்கு எங்கள் பிள்ளை ஏன் என்ற அந்த வடு ஆறப் பல காலம் பிடித்தது.

நம் நாட்டில் தேசிய அளவில் பொது வாக்கெடுப்பு நடந்ததே இல்லை. அரசியலமைப்பில் அதற்கு ஏற்பாடும் இல்லை. மலேசியா உருவாகுமுன் 1962 செப்டம்பர் 1-ஆம் தேதி சிங்கப்பூர் ஒன்று நடத்தியது. அதிலும் சேரலாமா என்று கேட்கவில்லை, எப்படிச் சேரலாம் என்று மூன்று வழிகளைத்தான் காட்டினார்கள். சபா, சரவாக்குக்கு கோபோல்ட் ஆணையம் போய்ப் பேசிவிட்டு வந்தது. கேள்வி கேட்பதில் நமக்குப் பழக்கம் குறைவு.

பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று கொடி பிடிக்க எனக்குத் துணிவில்லை. காரணம் கியூபெக். குடிமக்களில் இந்தியர் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. மறுநாள் காலை நாளிதழ்கள் எந்த இனம் எப்படி வாக்களித்தது என்று வண்ணப்படம் போடும். ‘வேண்டாம்’ அதிகம் விழுந்த தொகுதியைக் காட்டி, இவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று யாராவது மேடையில் பேசத்தான் போகிறார்கள்.

நம்மவர்களே ஒரே குரலில் பேசுவார்கள் என்பதும் இல்லை. கிள்ளானிலும் மேருவிலும் பிள்ளையை முகாமுக்கு அனுப்பத் துடிக்கும் பெற்றோர் உண்டு. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது உறுப்பினர்களில் 70 விழுக்காடு அளவுக்கு இந்தியர் என்று சொன்னதை யாரும் மறக்கவில்லை. தெருமுனையில் நிற்பதைவிட முகாமில் நிற்கட்டும் என்று தந்தை ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 45 நாள் முடிந்து அந்தப் பையன் திரும்பி வருவது அதே தெருமுனைக்குத்தான். பயிற்சி முடித்த கையோடு ராணுவத்திலோ தொழிற்கல்லூரியிலோ அவனுக்கு ஓர் இடம் கிடைக்குமா என்பதே அந்தத் தந்தையின் உண்மையான கேள்வி.

ராணுவத்தில் நமக்கு இடமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1967 டிசம்பர் 1-ஆம் தேதி மலேசிய அரசக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம், அப்போது வயது 31. அதுவரை அந்த நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். இன்று ஆயுதப்படைகளில் இந்தியர் மிகச் சொற்பம். ஏன் சேர்வதில்லை என்று நாடாளுமன்றத்தில் அவ்வப்போது கேட்கிறார்கள். விண்ணப்பம் குறைவு என்பது பதிலாக வருகிறது. பதவி உயர்வில் நம்பிக்கை இல்லாதவன் விண்ணப்பம் போடுவானா என்பது நம் பக்கக் கேள்வி. 3.0-இன் 45 நாள் இதை மாற்றினால் நான் முதல் ஆளாகப் பாராட்டுவேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்குக் கடிதமே வராது. பிறப்புப் பத்திரமோ மைகாட்டோ சரியாக இல்லாமல், இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத இந்தியப் பிள்ளைகள். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாய் தந்தையர் சிதறியபோது பதிவு தவறிய குடும்பங்கள் பல. 2011-இல் மைடஃப்தார் பதிவு இயக்கம் நடத்தியும் தீரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அழைப்பு வந்ததென்று புலம்பும்போது, நாடு என்னையும் கூப்பிட்டால் தேவலை என்று ஏங்குகிறவன் இவன்.

வாக்கெடுப்பு வேண்டாம் என்றால் கேள்வியும் வேண்டாம் என்று ஆகிவிடாது. 16-ஆவது பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். 3.0-இல் அழைக்கப்படும் பிள்ளைகள் அதில் வாக்களிப்பார்கள். கிள்ளானிலோ பத்து தீகாவிலோ வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் அவர்கள் கேட்க வேண்டியவை சில: குலுக்கலா, எல்லாருக்குமா? முகாமுக்கு முன் முழு மருத்துவச் சோதனையை அரசு செலவில் செய்வீர்களா? போகாதவனுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிடுவீர்களா? கல்லூரி நுழைவுத் தேதியோடு 45 நாள் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? பழைய திட்டத்துக்குச் செலவான பணத்தால் கிடைத்தது என்ன என்ற கணக்கை மேசையில் வைப்பீர்களா? எண்ணெய் விலை மறுபடி விழுந்தால் இதையும் நிறுத்துவீர்களா?

வேட்பாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். கட்சித் தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்டுச் சொல்லட்டும், வாக்களிப்பு நாளுக்கு முன்னால்.